தடைக்குப் பின்னும் தரகர்களின் ராஜ்ஜியம்

புது தில்லி: நாடாளுமன்ற வளாகத்திலிருந்து சில நிமிட நடையில், செஞ்சிலுவைச் சாலையில் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைமையகமும் அதன் ரத்த வங்கியும் உள்ளன. ரத்தத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றுவது குறித்து மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4-ம் தேதி கூறியது. அதன் பின் இத்தனை அருகிலுள்ள அவைக்கு எட்டுப் பொதுத் தேர்தல்கள் நடந்து முடிந்துவிட்டன. சட்டம் மட்டும் வரவில்லை. 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் ரத்தம் இன்றும் ஒரு "மருந்து"தான். 2020-ல் விதிகளைத் திருத்திய அரசு, "ரத்த வங்கி" என்ற பெயரை "ரத்த மையம்" என்று மாற்றியது. பெயர் மாற்றுவதில் நம் அரசுகள் ஒருபோதும் தாமதிப்பதில்லை!

எச்.டி. ஷோரி நிறுவிய "காமன் காஸ்" என்ற பொதுநல அமைப்பு தொடுத்த வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. நாட்டிலிருந்த 1,018 ரத்த வங்கிகளில் 616 உரிமம் பெறாதவை என்ற தகவல் அவ்வழக்கில் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. ரிக்ஷா இழுப்போர், வேலையற்றோர், போதைக்கு அடிமையானோர் எனப் பலர் அன்றாடச் செலவுக்காக ரத்தம் விற்று வந்தனர். பணத்துக்கு ரத்தம் கொடுப்பதை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிக்குமாறு நீதிபதிகள் ஆணையிட்டனர். 1998 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. தேசிய, மாநில ரத்தமேற்றுக் குழுமங்கள் அமைந்தன. 2002-ல் தேசிய ரத்தக் கொள்கையும் வெளியானது.

விற்பனை தடை செய்யப்பட்டது. ஆனால் தேவை குறையவில்லை. அந்தத் தேவையை நிரப்பும் பொறுப்பு நோயாளியின் குடும்பத்தார் தலையில் விழுந்தது. பெறும் ரத்தத்துக்கு ஈடாக உறவினரோ நண்பரோ ரத்தம் கொடுக்க வேண்டும் என்ற வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்பதே அரசின் அறிவிக்கப்பட்ட நோக்கம். நடைமுறை வேறு. பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி தில்லிக்குச் சிகிச்சைக்கு வரும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். உடன் வந்தவர் ஒருவரோ இருவரோ. அறுவைச் சிகிச்சைக்கு நான்கு யூனிட் ரத்தம் வேண்டும் என்றால், முன்பின் தெரியாத ஊரில் யாரிடம் போய்க் கேட்பது? மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் தரகர், இந்தக் கேள்விக்கு விடையோடுதான் நிற்கிறார். அவர் அழைத்து வரும் ஆள், படிவத்தில் "மைத்துனர்" ஆகிவிடுவார்.

இந்த வணிகம் எதுவரை போகும் என்பதை 2008-ல் கோரக்பூர் காட்டியது. பிழைப்பு தேடி வந்தவர்களை அடைத்து வைத்து, அவர்களிடம் தொடர்ந்து ரத்தம் எடுத்து விற்று வந்த கும்பலிடமிருந்து 17 பேரைப் போலீஸார் மீட்டனர். சிலர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே அடைபட்டுக் கிடந்தவர்கள். தடை அமலுக்கு வந்து பத்து ஆண்டுகள் கழித்து நடந்தது இது.

தன்னார்வத் தானத்தை மருத்துவர்கள் வலியுறுத்துவது கருணையை மட்டும் கருதியல்ல. எச்ஐவி தொற்றிய முதல் சில வாரங்களில் வழக்கமான பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். அந்த இடைவெளியைக் குறைக்கும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை நாடு முழுவதும் கட்டாயமாக்கப்படவில்லை. எனவே, கொடுப்பவர் தம்மைப் பற்றிச் சொல்லும் உண்மையே முதல் பாதுகாப்பு. பணத்துக்காக வந்தவர் உண்மையைச் சொல்லமாட்டார். உறவினர்களின் வற்புறுத்தலால் வந்தவரும் அவர்கள் முன்னிலையில் சொல்லத் தயங்குவார். 2014 அக்டோபருக்கும் 2016 மார்ச்சுக்கும் இடையே 2,234 பேர், ரத்தம் ஏற்றிக்கொண்டதால் தங்களுக்கு எச்ஐவி தொற்றியதாகத் தெரிவித்தனர் என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அளித்த பதில். இது பாதிக்கப்பட்டோர் தாமே கூறிய கணக்கு என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு எச்ஐவி கலந்த ரத்தம் ஏற்றப்பட்டதைத் தமிழக வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த இளைஞர் ரத்தம் கொடுத்தது உறவினர் ஒருவருக்காக. 2016-ல் ஒரு முகாமில் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று தெரிய வந்தும், அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் உண்மை தெரிந்ததும், மருத்துவமனைக்கு ஓடிச் சென்று சொன்னவர் அவரே. அதற்குள் காலம் கடந்துவிட்டது. முகாம் நடத்துவதோடு வேலை முடிந்தது என்று கருதும் நிர்வாகம் எங்கே கொண்டு விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கட்டண விவகாரத்திலும் இதே கதைதான். ரத்தத்துக்கு விலை கிடையாது. பரிசோதித்துப் பக்குவப்படுத்தும் கட்டணம் மட்டுமே வசூலிக்கலாம். 2022-ல் திருத்தப்பட்டபடி ஒரு யூனிட்டுக்கு அரசு மையங்களில் ரூ.1,100, தனியார் மையங்களில் ரூ.1,550 என்பது உச்சவரம்பு. இதை மீறக் கூடாது என 2023 டிசம்பரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி மாநிலங்களுக்கு மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மேற்கு வங்கத்தில் மன்றங்களும் தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் பல பத்தாண்டுகளாக ரத்த தானத்தை ஓர் இயக்கமாகவே நடத்தி வருகின்றன. தன்னார்வத் தானத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலம் அது. அங்கேயே கோடையிலும் தேர்தல் காலத்திலும் முகாம்கள் குறைந்தால் தட்டுப்பாடு தலைதூக்கிவிடுகிறது. காரணம் எளியது. முழு ரத்தத்தை 35 நாள்களே வைத்திருக்க முடியும். பிரித்தெடுத்த சிவப்பணுக்களுக்கு 42 நாள்கள், டெங்கு காலத்தில் எல்லோரும் தேடும் தட்டணுக்களுக்கு 5 நாள்கள். தலசீமியா நோயுள்ள குழந்தைக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும் ரத்தம் வேண்டும். தலைவர்களின் பிறந்த நாளில் கட்சி வேறுபாடின்றி நடத்தப்படும் முகாம்களில் கிடைக்கும் ரத்தம், அடுத்த பிறந்த நாள் வரை தாங்காது.

2022 செப்டம்பர் 17-ம் தேதி, பிரதமர் மோடியின் பிறந்த நாளில் தொடங்கிய முகாம்களில் முதல் நாளே 87 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ரத்தம் கொடுத்தனர். சாதனை என அரசு அறிவித்தது. அன்று பெற்ற சிவப்பணுக்களின் ஆயுள் அக்டோபர் மாத முடிவுக்குள் தீர்ந்துவிட்டது. ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுக்கலாம் என்பது விதி. அதன்படி, அந்த ஆண்கள் டிசம்பர் நடுவிலும் பெண்கள் பொங்கல் சமயத்திலும் மீண்டும் தகுதி பெற்றிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்ப அழைக்கப்பட்டனர், எத்தனை பேர் வந்தனர்? மக்களவையின் கேள்வி நேரத்தில் உறுப்பினர் எவரேனும் எழுப்பலாம்.