குன்று பள்ளமான கதை

நாம எல்லாரும் அஞ்சாங்கல் ஆடியிருப்போம். அதுல ஒரு கல் வைரமா இருந்தா? கதை இல்லை, நிஜமா நடந்தது!

தென்னாப்பிரிக்காவில், ஆரஞ்சு ஆற்றின் அருகே ஹோப்டவுன் என்ற ஊர் உள்ளது. மழை குறைந்த, பாலைவனம் போன்ற பூமி. 1867-ஆம் ஆண்டு வாக்கில் எராஸ்மஸ் ஜேக்கப்ஸ் என்ற 15 வயதுப் பையன் அங்கே ஒரு பளபளப்பான கல்லை எடுத்து வந்தான். வீட்டுப் பிள்ளைகள் அதை வைத்து விளையாடினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் அதை விலைக்குக் கேட்டார். கல்லுக்குப் போய் காசு வாங்குவாங்களா என்று பையனின் அம்மா சும்மாவே கொடுத்துவிட்டார். சோதித்தால், 21 காரட் வைரம்! அதற்கு 'யுரேகா' என்று பெயர்.

1871-ல் வடகிழக்கே ஒரு சின்னக் குன்றிலும் வைரம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் ஓடி வந்தார்கள். ஆளுக்கு 31 அடி சதுர நிலம். கடப்பாரை, மண்வெட்டியால் தோண்டி, வாளியில் கட்டி மேலே இழுத்து, சல்லடையில் சலித்தார்கள். தண்ணீரைக்கூட காசு கொடுத்து வாங்கினார்கள். குன்று காணாமல் போய், பள்ளம் ஆனது! அதைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் கிம்பர்லி.

வைரம் அங்கே எப்படி வந்தது? பூமிக்குள் சுமார் 150 கிலோமீட்டர் ஆழத்தில், பயங்கர அழுத்தத்திலும் வெப்பத்திலும் கார்பன் வைரமாகிறது. பழங்கால எரிமலைக் குழாய் வழியே அது மேலே வந்தது. மேலே மஞ்சள் மண், கீழே நீலப் பாறை. மஞ்சள் மண் தீர்ந்ததும் "அவ்வளவுதான்" என்று சிலர் நிலத்தை விற்றுவிட்டுப் போனார்கள். பாவம், நீலப் பாறையிலும் வைரம் இருந்தது! அந்தப் பாறைக்கு அந்த ஊர் பெயராலேயே 'கிம்பர்லைட்' என்று பெயர் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்க: 1914-ல் சுரங்கம் மூடும்வரை வெட்டியது சுமார் 2 கோடியே 25 லட்சம் டன். கிடைத்த வைரம் சுமார் 2,700 கிலோ. அதாவது 1 கிராம் வைரத்துக்கு 8 டன்னுக்கு மேல் மண்!

அத்தனையும் சுமந்தது யார்? பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். 1885 முதல் அவர்களை மதில் சூழ்ந்த குடியிருப்பில் பூட்டினார்கள். வைரத்தை வெளியே எறிந்துவிடக் கூடாதென்று மேலே கம்பிவலை. ஒப்பந்தம் முடியும்வரை, மாதக்கணக்கில், வெளியே விடமாட்டார்கள். துணியைக் களைந்து சோதனை வேறு. 1888-ல் உருவான டி பியர்ஸ் கம்பெனியோ உலக வைர வியாபாரத்தையே கையில் வைத்திருந்தது.

யுரேகா வைரம் இன்று கிம்பர்லி அருங்காட்சியகத்தில் மின்னுகிறது. பக்கத்திலேயே அந்தப் பள்ளமும் இருக்கிறது. வைரத்தைப் பார்ப்பவர்கள் பள்ளத்தையும் ஒரு நிமிடம் எட்டிப் பார்க்க வேண்டும். தோண்டியவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டுமே!