பூஞ்சை மருந்தும் செல்லப் பிராணிகளும்

நாய், பூனைகளின் பூஞ்சை நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து ஓரிரு நாளில் முடிந்துவிடுவதில்லை. படர்தாமரைக்கு வாரக்கணக்கிலும், கிரிப்டோகாக்கஸ் போல உடலுக்குள் பரவும் தொற்றுக்கு மாதக்கணக்கிலும் கொடுக்க நேரிடும். இந்த மருந்துகளில் பலவற்றைக் கல்லீரல்தான் சிதைத்து வெளியேற்றுகிறது. ஆகவே எந்த மருந்து, எவ்வளவு, எந்த வேளை, எத்தனை நாள் என்ற நான்கும் சரியாக அமைந்தால்தான் நோய் தீரும், உறுப்புகளும் பிழைக்கும்.

பூனைகளுக்குப் படர்தாமரை வருவதற்குப் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையே காரணம். நாய்களுக்கும், வீட்டிலுள்ள மனிதர்களுக்கும் அது தொற்றும். வட்டமாக முடி உதிர்ந்த இடமெல்லாம் படர்தாமரை ஆகிவிடாது. சொறியிலும் பாக்டீரியா தொற்றிலும் அப்படி உதிரும். முடியையும் செதிலையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, தேவைப்பட்டால் கல்ச்சர் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்திய பிறகே மாத்திரை தொடங்க வேண்டும்.

இன்று அதிகம் பயன்படுவது இட்ராகோனசோல். தோலிலும் முடியிலும் இது தங்கி நிற்பதால், பூனைப் படர்தாமரைக்கு ஒரு வாரம் கொடுத்து மறு வாரம் நிறுத்தி, இப்படி மூன்று முறை கொடுக்கும் வழக்கம் உண்டு. டெர்பினாஃபைனும் படர்தாமரைக்குப் பயன்படுகிறது. ஃப்ளூகோனசோல் மூளை, கண் ஆகியவற்றுக்குள் நன்றாக ஊடுருவும். சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரக நோயுள்ள பிராணிக்கு அளவை மாற்ற வேண்டியிருக்கும். கீட்டோகோனசோல் பூனைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை: பசி போகும், வாந்தி வரும், கல்லீரல் கெடும். பழைய மருந்தான கிரிசியோஃபல்வின் கருவிலுள்ள குட்டிகளுக்கு ஊனம் உண்டாக்கும்; எஃப்.ஐ.வி. (பூனை நோயெதிர்ப்புக் குறைவு வைரஸ்) தொற்றுள்ள பூனைகளின் எலும்பு மஜ்ஜையைக் கடுமையாகப் பாதிக்கும். சினைப் பிராணிக்கு இதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் இதைக் கையாளாமல் இருப்பது நல்லது.

மருந்து உடலில் சேர்வது வயிற்றின் நிலையைப் பொறுத்தது. இட்ராகோனசோல் கேப்ஸ்யூலுக்கு வயிற்று அமிலம் தேவை; சாப்பாட்டோடு கொடுத்தால் நன்றாகச் சேரும். அதே மருந்தின் திரவ வடிவம் வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும். கிரிசியோஃபல்வினுக்குக் கொழுப்புள்ள உணவு வேண்டும். ஃப்ளூகோனசோலை எப்போது கொடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஓமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள், கேப்ஸ்யூல் வடிவ இட்ராகோனசோல் உடலில் சேர்வதைத் தடுக்கும். இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல், கீட்டோகோனசோல் ஆகிய அசோல் வகை மருந்துகள் வேறு மருந்துகளின் அளவை ரத்தத்தில் உயர்த்திவிடும். சைக்ளோஸ்போரின் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிராணி ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மனிதருக்கான கேப்ஸ்யூலை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது ஆபத்தானது. பூனைப் படர்தாமரைக்கு இட்ராகோனசோலின் வழக்கமான அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 4 கிலோ பூனைக்கு 20 மில்லிகிராம் போதும். 200 மில்லிகிராம் கேப்ஸ்யூல் அதைப்போல் பத்து மடங்கு. உள்ளேயிருக்கும் சிறு மணிகளை வீட்டில் கண்ணளவில் பங்கிட்டால் அளவு தவறும். மூலப்பொடியிலிருந்து கலந்து தரப்படும் இட்ராகோனசோல் உடலில் சரியாகச் சேர்வதில்லை. மனிதருக்கான இனிப்புத் திரவ மருந்தில் சைலிட்டால் இருந்தால் அது நாய்க்கு நஞ்சு.

நாய்க்குப் பிடித்த உணவில் முதலில் வெறும் துண்டு, அடுத்து மாத்திரை வைத்த துண்டு, உடனே இன்னொரு வெறும் துண்டு என்று கொடுத்தால் மெல்லாமல் விழுங்கிவிடும். முழுத் தட்டுச் சோற்றில் மருந்தைக் கலக்கக் கூடாது. மீதி வைத்தால் மருந்தும் மீதியாகிவிடும். பூனைக்கு மேல்தாடையை ஒரு கையால் பிடித்து மூக்கை லேசாக உயர்த்தி, மறு கையால் கீழ்த்தாடையைத் திறந்து, நாக்கின் பின்பகுதியில் மாத்திரையை வைக்க வேண்டும். வெறும் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கலாம். உடனே ஊசியில்லா சிரிஞ்சால் சுமார் 5 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். திரவ மருந்தைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்ன ஓரமாக மெதுவாக விட வேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போகக்கூடும். மருந்து கொடுக்கும்போது கையுறை அணிவது நல்லது.

பசியின்மை, தொடர் வாந்தி, சோர்வு, ஈறிலோ கண்ணிலோ மஞ்சள் நிறம் ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அடையாளங்களாக இருக்கலாம். நாய்க்கு இட்ராகோனசோல் அளவு கூடினால் தோலில் புண் வரலாம். இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். நீண்ட சிகிச்சையில் தொடக்கத்திலும் இடையிலும் ரத்தப் பரிசோதனை தேவை. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.

மாத்திரை முடியின் வேர்ப்பகுதியிலிருந்து பூஞ்சையை ஒடுக்கும். மேலே ஒட்டியிருக்கும் வித்துகளை மருந்துக் குளியல்தான் கொல்லும். உதிர்ந்த முடியை அள்ளி அப்புறப்படுத்துவதும், படுக்கைத் துணிகளைத் துவைப்பதும் சிகிச்சையில் அடங்கும். முடி மீண்டும் முளைத்ததைப் பார்த்து மருந்தை நிறுத்தக் கூடாது. கல்ச்சரில் பூஞ்சை வளரவில்லை என்று தெரிந்த பிறகே மருத்துவர் நிறுத்தச் சொல்வார்.