நரம்புக்கலங்கள் ஏன் இறக்கின்றன? - ரீற்றா லெவி-மொன்ரால்சினியின் ஆய்வு

நரம்புத்தொகுதியின் விருத்தி பற்றிய வினாக்களில் மாணவர் பலர் ஒரே தவறை விடுகின்றனர். "வளர்ச்சிக் காரணி கிடைக்காத நரம்புக்கலம் பட்டினியால் இறக்கும்" என எழுதிவிடுகின்றனர். இது பிழையான விடை. ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு கோழி முட்டையிலிருந்து தொடங்குவோம்.

1934 இல் விக்ரர் ஹம்பேகர் என்னும் ஜேர்மன் விஞ்ஞானி, மூன்று நாள் வரை அடைவைத்த கோழி முளையத்தின் சிறகு அரும்பை வெட்டி நீக்கினார். பின்னர் அவதானித்தபோது, அச்சிறகுக்குச் செல்லவேண்டிய நரம்புக்கலங்கள் முண்ணாணிலும் அதன் அருகிலுள்ள திரட்டுகளிலும் மிகக் குறைவாகவே காணப்பட்டன. சிறகிலிருந்து வரும் ஏதோவொரு தூண்டல் இல்லாமையால் புதிய நரம்புக்கலங்கள் உருவாகவில்லை என்பது அவருடைய அனுமானம்.

இதனை வாசித்த ரீற்றா லெவி-மொன்ரால்சினிக்கு ஐயம் எழுந்தது. 1909 இல் இத்தாலியின் ரியூரின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த இவர், 1936 இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1938 இல் முசோலினி அரசின் இனச்சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. ரீற்றா தமது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிச் சத்திரவெட்டுக் கருவிகளாகப் பயன்படுத்தினார். பதவியிழந்த அவருடைய ஆசிரியர் யூசெப்பே லெவியும் அங்கு வந்து சேர்ந்தார் (பெயர் ஒற்றுமையன்றி இருவருக்கும் உறவு இல்லை). நகர் மீது குண்டுகள் விழத் தொடங்கியபோது ஆய்வுகூடம் கிராமத்து வீடொன்றுக்கு இடம்மாறியது. முட்டைகளுக்கு விவசாயிகளிடம் அலையவேண்டியிருந்தது.

இனி வருவதைக் கவனமாக வாசியுங்கள். ஹம்பேகர் கண்டது இறுதி எண்ணிக்கையை. கலங்கள் குறைவாக இருப்பதற்கு இரு காரணங்கள் இருக்கலாம்: அவை உருவாகாதிருக்கலாம், அல்லது உருவாகிய பின் இறந்திருக்கலாம். இறுதி நாளை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது. எனவே ரீற்றா வெவ்வேறு நாள் வயதுடைய முளையங்களை எடுத்து, மெல்லிய வெட்டுமுகங்களாக்கி, வெள்ளிச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டார். நரம்புக்கலங்கள் வழமைபோலவே உருவாகிச் சிறகை நோக்கி நார்களையும் அனுப்பின. அதன் பின்னரே அவை இறந்தன.

1947 இல் ஹம்பேகரே அவரை அமெரிக்காவின் சென் லூயிஸ் நகருக்கு அழைத்தார். எதுவும் வெட்டப்படாத சாதாரண முளையத்திலும் இத்தகைய சாவு நிகழ்வதை இருவரும் 1949 இல் வெளியிட்டனர். பின்னர் ரீற்றாவும் உயிரிரசாயனவியலாளர் ஸ்ரான்லி கோகனும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை இனங்கண்டனர். அது பாம்பு விடத்திலும் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் செறிவாகக் கிடைத்தது. அதற்கெதிரான பிறபொருளெதிரிகளைப் புதிதாகப் பிறந்த எலிகளுக்கு ஏற்றியபோது பரிவு நரம்புத் திரட்டுகள் பெரும்பாலும் அழிந்தன. இருவருக்கும் 1986 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நமது பிழையான விடைக்கு வருவோம். இக்காரணி உணவன்று, அது ஒரு சமிக்ஞை. நார் முனையிலுள்ள வாங்கியுடன் அது இணைய, அச்சமிக்ஞை கலவுடலை அடைந்து, கலத்தினுள் ஏற்கெனவே இருக்கும் சாவுப் பொறிமுறையைத் தடுத்து வைக்கிறது. சமிக்ஞை நின்றால் தடை நீங்கும். இழைமணியிலிருந்து சைற்றோகுறோம் சீ வெளியேறும். கஸ்பேசு எனும் நொதியங்கள் தொழிற்பட்டுக் கலத்தின் புரதங்களைத் துண்டாடும். 1988 இல் சென் லூயிசில் வெளியான பரிசோதனையொன்று இதற்கு அழகான சான்று. வளர்ச்சிக் காரணி அகற்றப்பட்ட நரம்புக்கலங்களில் புரதத் தொகுப்பையும் நிறுத்தியபோது அவை இறக்கவில்லை! பட்டினியால் இறப்பதாயின் புரதத் தொகுப்பை நிறுத்துவது சாவை விரைவுபடுத்தியிருக்க வேண்டும். கலம் தன் சாவுக்குத் தானே புரதம் ஆக்குகிறது. இதுவே செய்நிரற்படுத்தப்பட்ட கலச்சாவு.

பாரிசவாதத்தில் குருதி முற்றாகத் தடைப்பட்ட இடத்திலுள்ள நரம்புக்கலங்களின் சாவை இத்துடன் குழப்ப வேண்டாம். அங்கே கலம் வீங்கி வெடித்து அழற்சியை ஏற்படுத்தும். இங்கே கலம் சுருங்கித் துண்டுகளாகப் பிரிய, அயற்கலங்கள் அவற்றை விழுங்கிவிடும்.

பயிற்சி: கோழி முளையத்தின் ஒரு பக்கத்தில் மேலதிகக் கால் அரும்பொன்று ஒட்டப்படுகிறது. அப்பக்கத்து முண்ணாணில் இறக்கும் இயக்க நரம்புக்கலங்களின் எண்ணிக்கை கூடுமா, குறையுமா? காரணம் தருக. "பட்டினி" என்ற சொல்லைப் பயன்படுத்தாது விடை எழுதுக.