மலையில் பருப்பு ஏன் வேகுவதில்லை?

கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 3,000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதே காரணம். அதன்பின் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. இமயமலைப் பாதையில் துவரம்பருப்பு வேகாமலே கிடக்க, கேஸ் தீர்ந்துபோவது இதனால்தான்.

பால், நெய், முட்டை எதுவும் வேண்டாம் என்று மலையேறுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவல். நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு தட்டும்போதே அதன் மாவுச்சத்து வெந்துவிடுகிறது. அடுப்பே வேண்டாம், தண்ணீர் தெளித்தால் சில நிமிடங்களில் மெத்தென்று ஆகிவிடும்.

சுமைக் கணக்கிலும் அவலே மேல். சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரிதான். அதே எடை அவல் 350 கலோரி வரை தரும். வேர்க்கடலையோ 560ஐத் தாண்டும். அதில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தந்தால், கொழுப்பு 9 தருகிறது.

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. ஒரு பிடி பொட்டுக்கடலை அதை ஈடுகட்டும். வெல்லமும் கொஞ்சம் உப்பும் சேர்த்தால் போதும்.

ஓடைத் தண்ணீரை மட்டும் அப்படியே ஊற்றிவிடாதீர்கள். கிருமிகளைக் கொல்ல 90 டிகிரிக் கொதியே போதும்; 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.