பத்து நொடிக்குள் பதில்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் ஒரு வினாடி வினா புரோகிராம் எழுதுகிறீர்கள். பத்து நொடிக்குள் பதில் வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். ஆனால் பதில் வாங்கும் 'இன்புட்', எண்டர் தட்டும்வரை அந்த வரியை விட்டு நகராது. அதற்குக் கீழே நேரம் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தாலும் பயனில்லை. நேரம் பார்க்கும் வரிக்கு முறையே வராது.

அதனால்தான் த்ரெட், அதாவது ஒரே புரோகிராமுக்குள் பக்கத்தில் ஓடும் இன்னொரு ஓட்டம். ஒரு த்ரெட் கீபோர்டுக்காகக் காத்திருக்கட்டும், மெயின் த்ரெட் நேரத்தைப் பார்க்கட்டும். அந்த த்ரெட் முடியும்வரை காத்திருக்கும் 'ஜாயின்' கட்டளைக்குப் பத்து நொடிக் கெடு கொடுத்தால், கெடு முடிந்ததும் மேலே போகலாம். பலரும் இதோடு எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் உட்காருங்கள்.

கெடு முடிந்தது மெயின் த்ரெடுக்குத்தான். மற்றது இன்னமும் கீபோர்டை விடவில்லை. அடுத்த கேள்விக்குப் புது த்ரெட் கிளப்பினால், அதற்குத் தட்டிய பதிலைப் பழைய த்ரெட் வாங்கிக்கொண்டு போய்விடும். அதை நிறுத்தித் தொலைக்கலாமே என்றால், பைத்தானில் அதற்கு வழி வைக்கவில்லை. ஜாவாவில் 'ஸ்டாப்' இருந்தது. பாதி வேலையில் த்ரெடை வெட்டினால் அது பிடித்திருந்த பூட்டு திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் தரவு அரைகுறையாகக் கிடக்கும். அதனால் 1998-இலேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரியான முடிவு.

கேள்விக்கு ஒரு த்ரெட் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். புரோகிராம் முழுக்க வாசிக்கும் த்ரெட் ஒன்று போதும். வருகிற வரியை ஒரு கியூவில் போடுவது மட்டுமே அதன் வேலை. மெயின் த்ரெட் அந்தக் கியூவிடம் பத்து நொடிக் கெடுவோடு கேட்கும்; ஒன்றும் வராவிட்டால் 'எம்ப்டி' என்ற எக்ஸெப்ஷன் வரும், பிடித்துக்கொள்ளலாம். தாமதமாக வந்த பதில் அடுத்த கேள்விக்கு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கியூவைக் காலி செய்துவிடுங்கள்.

எண்டர் தட்டாமல் விட்ட எழுத்துகள் கியூவுக்கே வந்திருக்காது. டெர்மினலிலேயே தங்கி, அடுத்த பதிலின் தலையில் ஏறிக்கொள்ளும். லினக்ஸில் 'டிசிஃப்ளஷ்' அவற்றைத் துடைக்கும்.

லினக்ஸ் மட்டும் போதுமென்றால், கீபோர்டிலிருந்து ஏதாவது வந்ததா என்று கெடுவோடு பார்க்கும் 'செலக்ட்' இருக்கிறது, த்ரெடே வேண்டாம். விண்டோஸில் அது சாக்கெட்டுகளுக்கு மட்டும்தான். இரண்டிலும் ஓட வேண்டுமானால் த்ரெட்தான். வாசிக்கும் த்ரெடை மறக்காமல் 'டீமன்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசிக் கேள்வி முடிந்த பிறகும் அது கீபோர்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும், புரோகிராம் மூடாது.