ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன்…

குடும்பத்தோடு காரில் வெளியூர் சென்று கொண்டிருக்கிறீர்கள். கிராஅத் ஒலித்துக் கொண்டிருக்கிறது. ஓதுபவர் ஓர் ஆயத்தை முடித்து மூச்சு வாங்கும் அந்தச் சிறு இடைவெளியில், மெல்லியதாய் ஓர் ஊளை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறுகிறது; காலை எடுத்தால் இறங்குகிறது. உரத்த ஒலிகளுக்கிடையே பதுங்கிக் கிடக்கும் இந்த ஓசை, மௌனம் வரும்போதுதான் தலை காட்டும்.

எங்கள் காரில் இதை முதலில் கவனித்தவர் உம்மாதான். "என்ன வாப்பா, காதுக்குள்ளே கொசு கத்துற மாதிரி இருக்கு?" என்று பின்னிருக்கையிலிருந்து கேட்டார். பிறர் பயன்படுத்திய காரை வாங்கி, டிக்கியில் ஓர் ஆம்ப்ளிஃபையரையும் பொருத்தியிருந்தேன். கடையில் காட்டியபோது, "ஸ்பீக்கர் போய்விட்டது, நான்கையும் மாற்றிவிடுங்கள்" என்றார்கள். மாற்றினேன். புதிய ஸ்பீக்கர்கள் அதே ஊளையை முன்னிலும் துலக்கமாகக் கேட்கச் செய்தன! பின்னர் அகப்பட்ட குற்றவாளி, டிக்கித் தகட்டில் பெயின்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்த ஒரு திருகாணி. ஒரு துண்டு உப்புத்தாளோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

சற்று யோசித்தால் உண்மை விளங்கும். ஸ்பீக்கர் என்பது தன்னிடம் வந்த மின்சாரத்தை அப்படியே அசைவாக்கிக் காட்டும் கூம்பு. என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? என்ஜினோடு ஏறி இறங்கும் ஓசை எதுவாயினும், அது வேறெங்கோ புகுந்து ஸ்பீக்கரின் வாய்வழியே வெளிவருகிறது என்றே பொருள்.

ஊளையின் பிறப்பிடம்

பானட்டின் கீழே என்ஜினால் சுழற்றப்படும் ஆல்டர்னேட்டர்தான் பேட்டரிக்கு மின்னேற்றம் தருகிறது. அதில் உண்டாவது மாறுதிசை மின்சாரம். டயோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக்குகின்றன. ஆயினும் அது முற்றிலும் சமனாவதில்லை. குளத்து நீரின் மேல் சிற்றலை போல ஒரு நடுக்கம் எஞ்சுகிறது. பன்னிரண்டு காந்த முனைகள் கொண்ட ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகளைத் தரும். என்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுற்றும்போது, ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், நொடிக்கு 1,350 சிற்றலைகள். என்ஜின் 3,000 சுற்றைத் தொட்டால் 4,500. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள்ளேயே இவை வருகின்றன. கொசுவின் ரீங்காரம் என்று உம்மா சொன்னது எத்துணைப் பொருத்தம்!

ஊளையாக இல்லாமல் 'டிக் டிக்' என்று என்ஜின் வேகத்துக்கேற்ப விரைந்தால், அது ஸ்பார்க் பிளக்கில் பிறக்கும் பொறியின் வேலை. டீசல் காரில் ஸ்பார்க் பிளக்கே இல்லையாதலால் அங்கே இதற்கு இடமில்லை. இது வெகு பழைய பகை. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலியைக் கொண்டுவந்த நாளிலேயே, இந்தப் பொறியின் இரைச்சலை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. இன்றைய மின்தடை கொண்ட பிளக்குகளும் பிளக் ஒயர்களும் அதைப் பெரிதும் தணித்துவிடுகின்றன. மலிவான மாற்றுப் பிளக்கைப் போட்டபின் சத்தம் தொடங்கியதாயின் ஐயம் அங்கே விழட்டும்.

எந்த வாசலில் நுழைகிறது?

வீட்டுக்குள் புகுந்தவனைப் பிடிக்க ஒவ்வோர் அறையாக மூடிப் பார்ப்பதில்லையா? இங்கும் அதுவே வழி. காரை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு என்ஜினை இயக்குங்கள். மூடிய ஷெட்டுக்குள் ஒருபோதும் வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு மணமின்றியே உயிரைக் குடிக்கும்.

முதலில், ஃபோன் ஆக்ஸ் ஒயர் வழியே இணைக்கப்பட்டு, அதே நேரத்தில் சார்ஜரிலும் செருகப்பட்டிருக்கிறதா? சார்ஜரை உருவுங்கள். ஊளை நின்றுவிட்டால் தேடல் அத்துடன் முடிந்தது. பல வீடுகளில் இதுதான் கதை. சார்ஜரின் எர்த்தும் ஆக்ஸ் ஒயரின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதன் வழியே சிற்றலை பாய்கிறது. ஆக்ஸ் ஒயரின் நடுவே பொருத்தும் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சிறு கருவி வளையத்தை அறுத்துவிடும். மலிவானவற்றில் கனத்த ஒலிகள் சற்று மெலியும். காரில் புளூடூத் வசதி இருந்தால் அந்த ஒயரே தேவையில்லை.

அப்படியும் தீரவில்லையெனில் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். வால்யூமோடு ஊளையும் குறைந்தால், அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்பே கலந்துவிட்டது. வால்யூமை முற்றும் அணைத்தபின்னும் மாறாமல் கேட்டால் அதற்குப் பின்னே, அதாவது ஆம்ப்ளிஃபையர் பக்கம், கலக்கிறது. இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், காசு செலவில்லை. என் நான்கு ஸ்பீக்கர்களை விற்ற கடையில் இதைக்கூடச் செய்து பார்க்கவில்லை என்பதுதான் இன்றும் என் ஆற்றாமை.

ஆம்ப்ளிஃபையர் பக்கமே என்று தெரிந்தால், செட்டை அணைத்துவிட்டு, அதற்குள் செல்லும் ஆர்.சி.ஏ. கேபிள்களைக் கழற்றி, மீண்டும் இயக்குங்கள். சத்தம் போய்விட்டால் கேபிள் வழியே வந்தது. இருந்தால் ஆம்ப்ளிஃபையரின் மின்னிணைப்பிலோ எர்த்திலோ குறை. கேபிளைச் செட் ஓடும்போது பிடுங்குவது கூடாது. சில ரேடியோக்களில் உள்ளே இருக்கும் நுண்ணிய எர்த் இணைப்பு அதனாலேயே எரிந்து, இல்லாத ஊளை புதிதாய்த் தொடங்கிவிடும்.

எர்த்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரின் இரும்பு உடலே பேட்டரிக்குத் திரும்பும் பாதை. டேஷ்போர்டிலுள்ள ரேடியோ ஓரிடத்திலும், டிக்கியிலுள்ள ஆம்ப்ளிஃபையர் வேறோர் இடத்திலும் அதைத் தொடுகின்றன. துருவோ பெயின்ட்டோ குறுக்கிட்டு, ஓம் அளவில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டாலும் போதும். 20 ஆம்பியர் பாயும்போது அங்கே 0.2 வோல்ட் வேறுபாடு எழுகிறது. ரேடியோவிலிருந்து வரும் ஒலி மின்னழுத்தமோ உச்சத்திலேயே இரண்டு முதல் நான்கு வோல்ட்தான். மென்மையான பகுதிகளில் அதிலும் மிகச் சிறு பங்கு. வேறுபாட்டின் நடுக்கம் அதன்மேல் ஏறிக்கொள்வதில் வியப்பென்ன?

பரிகாரம் எளிது. எர்த் ஒயர் ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். மின்னிணைப்பு ஒயரின் அதே கனம் வேண்டும். தகட்டின் பெயின்ட்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, வாஷரிட்டு இறுக முடுக்கி, துருப்பிடிக்காதிருக்க மேலே க்ரீஸ் தடவுங்கள். செட் ஓடும்போது ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனைக்கும் அருகிலுள்ள வெற்றுத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். ஆர்.சி.ஏ. கேபிள் காரின் ஒரு பக்கமும், கனத்த மின்ஒயர் மறுபக்கமும் செல்வது நலம்.

இவ்வளவும் செய்தும் ஊளை நீங்கவில்லையா? என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை மாறுதிசை மின்சார அளவில் வைத்துப் பேட்டரி முனைகளைத் தொட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதாகியிருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை. இங்கே ஊளை ஒரு தொல்லையல்ல, முன்னெச்சரிக்கை. கவனியாது விட்டால் பேட்டரி ஒருநாள் நடுவழியில் கைவிட்டுவிடும். 'நாய்ஸ் ஃபில்டர்' என்று கடையில் ஒன்றை நீட்டுவார்கள். காரணத்தை அறியாமல் அதைப் போடுவது, ஒழுகும் கூரையின் கீழ் வாளி வைப்பதற்கு ஒப்பாகும்.

ஸ்பீக்கரே குற்றவாளியாகும் இடமும் உண்டு. ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு கேட்டால், கூம்பை விரல்களால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் ஓசை வந்தால் உள்ளிருக்கும் சுருள் தட்டுகிறது. கதவைத் திறந்து மூடும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால், கதவிடுக்கில் ஒயர் அறுந்திருக்கும். எஃப்.எம்.மில் மட்டும் இரைச்சல் என்றால் எல்.ஈ.டி. விளக்கு, மலிவான சார்ஜர், டேஷ் கேமரா ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கழற்றும் வேலை எதுவாயினும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை நீக்கிவிடுங்கள். சில ரேடியோக்கள் பின்னர் ரகசிய எண் கேட்கும், அதை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உறையிட்ட ஒயர்கள் காற்றுப்பைக்குரியவை. அவற்றில் கை வைக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபையருக்குச் செல்லும் மின்ஒயரில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்கிறதா, தகட்டுத் துளையில் நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் காரில் அந்த இரண்டுமே இல்லை. ஒயரின் உறை பாதி தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்து கொண்டிருந்தது. ஊளையைத் தேடிப் போகாதிருந்தால் அதை நான் கண்டிருக்கவே மாட்டேன்.