காலுக்கும் கியருக்கும் நடுவே ஒரு புஷ்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் வழியில் காரியாபட்டி. அந்தச் சாலையில் ஒரு பழைய அம்பாசிடர் ஓரங்கட்டி நின்றால் டிரைவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "கிளட்ச் போச்சு." முதல் கியர் போடும்போது கரகரவென்று கத்தும். ரிவர்ஸ் விழவே விழாது. உடனே பிளேட் மாற்றுவதைப் பற்றிப் பேச்சு எழும். கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் பிளேட்டைத் தொட முடியாது. இரண்டு நாள் வேலை. அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன்னால் டிரைவர் சீட்டின் முன்னே குனிந்து, கிளட்ச் பெடலைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பல் விழப்போகும் குழந்தையின் பல் மாதிரி ஆடினால், பழி பிளேட்டின் மேல் இல்லை.

அம்பாசிடர் பிறந்த கதை ஊரறிந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. அதன் பழைய மார்க் வண்டிகளில் பெடல்கள் இன்றைய கார்களைப் போல மேலேயிருந்து தொங்குவதில்லை; தரையைத் துளைத்துக்கொண்டு முளைத்திருக்கும். பெடல் சுழலும் அச்சு, அதாவது பெடல் ஷாஃப்ட், தரைக்குக் கீழே. மழைச் சேறு, சாலைப் புழுதி, ஓட்டுபவரின் செருப்பில் ஒட்டிவரும் கரிசல் மண் எல்லாம் போய்ச் சேரும் இடம் அதுதான். கிரீஸும் புழுதியும் கலந்தால் அது உப்புத்தாள் போல அரைக்கும். ஈரத்தில் களியாகி, காய்ந்தால் கல்லாகும் கரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கிளட்ச் பெடல் ஒரு நெம்புகோல். எளிய கணக்குக்காக, அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் 250 மில்லிமீட்டர், தள்ளுகம்பி மாட்டியிருக்கும் துளை 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு ஒன்று. காலால் 10 கிலோ அழுத்தினால் கம்பியில் 50 கிலோ கிடைக்கும். இந்தப் பெருக்கம் இல்லாமல் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகளை மனிதக் கால் அசைக்க முடியாது. ஆனால் நெம்புகோல் விசையை மட்டும் பெருக்குவதில்லை, தேய்மானத்தையும் சேர்த்தே பெருக்கும். துளையும் அதில் நிற்கும் பின்னும் ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், காலடியில் 10 மில்லிமீட்டர் வீண். கம்பியின் மறுமுனையில் இன்னொரு மில்லிமீட்டர் தேய்ந்தால் 5. பெடல் ஷாஃப்டில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் 4. மொத்தம் 19, அதாவது முக்கால் அங்குலம். கால் அவ்வளவு தூரம் இறங்கியும் கிளட்சுக்குச் சேதி போகவில்லை. பெடல் தரையைத் தொட்டபின்பும் பிளேட் முழுதாக விலகாது, கியர் கத்தும். அம்பாசிடரின் பழைய நாலு கியர் பெட்டியில் முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் கிடையாது என்பதால் முதல் குரல் அங்கிருந்துதான் வரும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: அட்ஜஸ்டிங் நட்டை இறுக்கிவிடுவது. அந்தக் கணம் சரியாகிவிட்டது போலிருக்கும். ஆனால் ஆடுகிற மூட்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்காராது. இறுக்கியது அதிகமாகப் போனால் ரிலீஸ் பேரிங், கால் எடுத்த பிறகும் உரசிக்கொண்டே சுற்றும். ஆயிலால் இயங்கும் கிளட்சில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல், ஆயில் திரும்பும் சிறு துளையை அடைத்துவிடும். அழுத்தம் உள்ளேயே சிக்கி, கிளட்ச் வழுக்கத் தொடங்கும். நல்லா இருந்த பிளேட் அப்போதுதான் நிஜமாகவே போகும்.

சரியான வைத்தியம் லேத் பட்டறையில் இருக்கிறது. முதலில் ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்பிலிட் பின்னை நிமிர்த்தி எடுத்து, பின்னை உருவ வேண்டும். மாட்டு வண்டி தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல; அச்சு, அதன் நுனியில் சக்கரம் கழலாமல் கடையாணி. வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்து அச்சுக்கு மசகு போட்ட ஊரில், காரின் அச்சு மட்டும் எண்ணெய் காணாமல் வறண்டு கிடப்பது வேடிக்கைதான். துருவேறிய ஷாஃப்ட் வராவிட்டால் டீசலில் ஓர் இரவு ஊறட்டும். சுத்தியலால் அடித்து நுனியைக் காளான் ஆக்கிவிட்டால் பிறகு அது எந்த வழியிலும் வராது.

ஷாஃப்டைச் சுத்தம் செய்து வெர்னியரால் அளந்தால், சுமை விழுந்த பக்கம் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருப்பது தெரியும். பெடல் கையில் இருக்கும் துளை வட்டமாக இருக்காது, முட்டை வடிவில் இருக்கும். சிலர் அதில் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி துளை போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெல்ட் விழுந்த இடம் ஏற்றத்தாழ்வாகக் கெட்டிப்பட்டுப்போகும்; டிரில் கெட்டியான பக்கத்தை விட்டு மெதுவான பக்கம் ஓடும். துளை இடம் மாறினால் நெம்புகோலின் கணக்கே மாறிவிடும். 

துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, உள்ளே கன்மெட்டல் புஷ், அதாவது ஒரு சிறு உலோகக் குழல், ஏற்றுவதே மேல். கன்மெட்டல் என்பது பழைய பீரங்கி உலோகம்: 88 பங்கு செம்பு, 10 பங்கு தகரம், 2 பங்கு துத்தநாகம். அதைத் தேர்ந்தெடுப்பது அது இரும்பைவிட மெதுவானது என்பதற்காகத்தான். இரண்டு உலோகம் உரசினால் ஒன்று தேய்ந்தே தீரும்; மாற்றுவதற்கு எளிதானது தேயட்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறோம்.

லேத்காரரின் கைத்திறன் தெரிவது இதற்குப் பிறகுதான். அவர் மில்லிமீட்டரில் பேசமாட்டார், 'தௌ' கணக்கில் பேசுவார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் மூன்று தௌ. புஷ்ஷின் வெளிவிட்டம் துளையைவிட ஓரிரு தௌ பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் இறுகி உட்காரும். ஆனால் அழுத்தியதும் புஷ் சுருங்கி, உள்துளையும் சிறுத்துவிடும். வெளியே வைத்துப் பார்க்கும்போது வழுக்கிக்கொண்டு போன ஷாஃப்ட், ஏற்றிய பிறகு நுழையாது. இது தெரியாதவர் ஷாஃப்டைத் தேய்ப்பார். தெரிந்தவர் உள்துளையைச் சற்றுச் சிறிதாகவே விட்டுவைத்து, ஏற்றியபின் ரீமர் விட்டு, இரண்டு தௌ இடைவெளி கிடைக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வழிப்பார். ஷாஃப்டில் எண்ணெய் பூசி நுழைத்தால் ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. பெடல் தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும்.

புதிய பின்கள், புதிய ஸ்பிலிட் பின்கள் போடுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் ஒருநாள் ஒடியும். பல பழைய கார்களில் பிரேக் பெடலும் அதே ஷாஃப்டில்தான் சுழல்கிறது. அதனால் கிளட்சுக்கு புஷ் போடும்போது பிரேக்கின் புஷ்ஷையும் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். கம்பி இணைப்புள்ள வண்டி என்றால், முக்கால் முதல் ஓர் அங்குலம்வரை லேசாக இறங்கி அதன் பிறகு கனக்கும்படி அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

எஞ்சின் ஓடட்டும், பெடலை முழுதாக மிதித்து மூன்று வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் வேலை முடிந்தது. அப்போதும் கத்தினால், இனி கியர்பாக்ஸை இறக்கலாம். பெடல் ஷாஃப்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், அடுத்த சர்வீஸில் கிரீஸ் கன் பிடிக்கும் பையனிடம் அதை நீங்களே விரல் நீட்டிக் காட்டிவிடுங்கள். சேற்றுக்குள் மறைந்திருக்கும், அவனாகத் தேடமாட்டான்.